எந்த ரேங்க் எந்தக் கணினியில் ஓடுகிறது, அதை எப்படிக் கேட்பது?

பெங்களூரில் எம்டெக் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லூரி ஆய்வகத்தில் நான்கு லினக்ஸ் கணினிகளை ஒரு ஸ்விட்சில் கோர்த்து சின்ன க்ளஸ்டர் போட்டிருக்கிறார், ஒவ்வொன்றிலும் 16 கோர். ஓப்பன் எம்பிஐ வைத்து 16 ரேங்க் ஓட்டுகிறார். (எம்பிஐ என்பது ஒரே நிரலின் பல பிரதிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதற்கான தரநிலை, ஓப்பன் எம்பிஐ அதைச் செயல்படுத்தும் ஒரு நூலகம்; ரேங்க் என்பது அப்படி ஓடும் ஒரு பிரதி, அதன் எண்ணுக்கும் அதே பெயர்தான்.) வேகம் ஏறவே இல்லை. எந்த ரேங்க் எந்தக் கணினியில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று நிரலுக்குள்ளிருந்தே தெரிந்துகொள்ள முடியுமா, கணினியின் பெயரான ஹோஸ்ட்நேமை அச்சிட்டுப் பார்த்தால் 16 வரியிலும் ஒரே பெயர் வருகிறதே, அது சரிதானா, ஒரு ரேங்க் மட்டும் மெதுவாக ஓடுவதுபோல் தெரிகிறது, அது எந்தக் கணினி என்று எப்படிப் பிடிப்பது. மூன்று கேள்வியும் ஒன்றோடொன்று பின்னியவை, அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். செயற்கூறுகள், மாறிலிகள், சூழல் மாறிகளின் பெயரில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

முதலில் அந்த ஒரே பெயர் விஷயம். தம்பி, அது பொய் சொல்லவில்லை. உங்கள் 16 ரேங்கும் உண்மையிலேயே முதல் கணினியில்தான் ஓடுகின்றன, மற்ற மூன்றும் சும்மா இருக்கின்றன. காரணம் உங்கள் ஹோஸ்ட்ஃபைல், அதாவது எந்தெந்தக் கணினியில் ஓட்டலாம் என்று பெயர்களை எழுதிவைக்கும் கோப்பு. அதில் நான்கு பெயரை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஸ்லாட், அதாவது எத்தனை ரேங்குக்கு இடம், என்று எழுதாமல் விட்டிருப்பீர்கள். பழைய 1.x பதிப்புகளில் ஸ்லாட் எழுதாவிட்டால் ஒரு கணினிக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். இப்போதைய பதிப்புகள் அப்படி இல்லை, அந்தக் கணினியில் எத்தனை கோர் இருக்கிறது என்று தானே எண்ணி அத்தனை ஸ்லாட் என்று வைத்துக்கொள்ளும். முதல் கணினியில் 16 கோர், நீங்கள் கேட்டதும் 16 ரேங்க், முதல் கணினியை நிரப்பிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அதன் இயல்பு. அப்புறம் இரண்டாவது கணினிக்கு எதற்குப் போகப்போகிறது? நிரலை ஓட்டும் எம்பிஐரன் கட்டளையில் மேப்-பை என்ற தேர்வுக்கு நோட் என்று கொடுங்கள், ரேங்குகள் கணினிக்கு ஒன்றாகச் சுற்றிச் சுற்றிப் போகும். கணினிக்குச் சரியாக நான்கு வேண்டும், அதுவும் 0 முதல் 3 வரை ஒரே இடத்தில் வேண்டும் என்றால் அதே தேர்வுக்குப் பிபிஆர், முக்காற்புள்ளி, 4, முக்காற்புள்ளி, நோட் என்று கொடுக்கலாம். அல்லது ஹோஸ்ட்ஃபைலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஸ்லாட்ஸ் சமம் 4 என்று எழுதிவிடலாம். எம்பிச் என்ற இன்னொரு எம்பிஐ நூலகம் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான அனுபவம் கிடைக்கும். அதில் எண்ணிக்கை எழுதாவிட்டால் கணினிக்கு ஒன்றாகச் சுற்றி வரும். ஒரே ஹோஸ்ட்ஃபைல் இரண்டு நூலகங்களில் இரண்டு விதமாகப் பிரியும் என்பதால்தான், ஊகிக்காமல் நிரலிடமே கேட்டுவிடுவது நல்லது என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

இதே மாதிரித் தோன்றும் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அடுத்து வருகிறவர் நிச்சயம் மாட்டுவார். ஒன்று, 16 வரியும் வருகிறது, ஆனால் ஒவ்வொன்றும் "ரேங்க் 0, மொத்தம் 1" என்கிறது. இது இடத்தைப் பற்றிய பிரச்சினையே இல்லை. நிரலைத் தொகுத்தது ஒரு எம்பிஐ, ஓட்டியது வேறொரு எம்பிஐ. உபுண்டுவில் ஓப்பன் எம்பிஐயும் எம்பிச்சும் இரண்டுமே இருக்கலாம், கோண்டா என்ற தொகுப்பு மேலாளர் தன் பங்குக்கு இன்னொன்றைக் கொண்டுவந்து கட்டளைகளைத் தேடும் பாதையின் முன்னால் வைத்துவிடும். அப்போது 16 தனித்தனி நிரல்கள் ஒன்றை ஒன்று அறியாமல் ஓடும், ஒவ்வொன்றும் தான் மட்டுமே உலகம் என்று நினைத்துக்கொள்ளும். விச் கட்டளையால், நிரலைத் தொகுக்கும் எம்பிஐசிசி எங்கிருந்து வருகிறது, எம்பிஐரன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், எல்டிடி கட்டளையை உங்கள் நிரல் மேல் ஓட்டி எந்த நூலகம் இணைந்திருக்கிறது என்றும் பாருங்கள். மூன்றும் ஒரே எம்பிஐ நிறுவலிலிருந்து வரவேண்டும்.

இன்னொன்று, ரேங்குகள் நிஜமாகவே நான்கு கணினிகளில் ஓடுகின்றன, ஆனாலும் பெயர் ஒன்றுதான் வருகிறது. கல்லூரி ஆய்வகங்களில் இது சகஜம். ஒரு கணினியில் எல்லாவற்றையும் நிறுவிவிட்டு அதன் வட்டை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் போட்டிருப்பார்கள். ஹோஸ்ட்நேமும் சேர்ந்து நகலாகியிருக்கும், எல்லாமே லோக்கல்ஹோஸ்ட் என்றோ நோட்1 என்றோ சொல்லும். ஹோஸ்ட்நேம்சிடிஎல் வைத்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கொடுங்கள், ஈடிசி அடைவிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பை நான்கிலும் ஒன்றுபோல வையுங்கள். இதைச் சரிசெய்யாமல் மேலே போகவேண்டாம். சில எம்பிஐ நூலகங்களே கணினியின் பெயரை வைத்துத்தான் யார் யார் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்று தீர்மானிக்கின்றன. பெயர் தப்பானால் வேறு கணினியில் இருக்கும் ரேங்கோடு பகிர்நினைவகம் வழியாகப் பேச முயன்று, காரணமே புரியாமல் நிரல் நின்றுபோகும்.

நிரலை மாற்றாமல் உடனே ஒரு பார்வை பார்க்க வேண்டுமென்றால், எம்பிஐரன் வைத்து உங்கள் நிரலுக்குப் பதில் ஹோஸ்ட்நேம் என்ற சாதாரணக் கட்டளையையே 16 பிரதி ஓட்டலாம். எம்பிஐ நிரலாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. வெளியீட்டை சார்ட், சி தேர்வோடு யூனிக் வழியாக அனுப்பினால் எந்தப் பெயர் எத்தனை தடவை என்று வந்துவிடும். ஆனால் எந்த ரேங்க் எங்கே என்பது இதில் தெரியாது. அதற்கு ஓப்பன் எம்பிஐயில் டேக்-அவுட்புட், எம்பிச்சில் எல், பெரிய க்ளஸ்டர்களில் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்மின் எஸ்ரன்னில் லேபிள் என்று தேர்வுகள் இருக்கின்றன, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ரேங்க் எண்ணை ஒட்டிக் கொடுக்கும்.

சரி, நிரலுக்குள். எம்பிஐயில் இதற்கென்றே ஒரு செயற்கூறு 1994-இல் வந்த முதல் தரநிலையிலிருந்தே இருக்கிறது: எம்பிஐ கெட் ப்ராசசர் நேம். ஒரு எழுத்து அணியும், நீளத்தை வாங்கிக்கொள்ள ஒரு முழுஎண்ணும் கொடுக்கவேண்டும். அணியின் அளவு எம்பிஐ மேக்ஸ் ப்ராசசர் நேம் என்ற மாறிலிக்குக் குறையக்கூடாது. எம்பிச்சில் அது 128, ஓப்பன் எம்பிஐயில் 256, ஆகவே எண்ணை நேராக எழுதாமல் மாறிலியையே எழுதுங்கள். சி மொழியில் சரம் முடிந்த இடத்தில் பூஜ்யக் குறி இருக்கும், ஃபோர்ட்ரானில் மீதி இடம் வெற்றிடத்தால் நிரம்பியிருக்கும், அங்கே ட்ரிம் போட்டு அச்சிடுங்கள்.

ப்ராசசர் என்று பெயரில் இருந்தாலும் கோர் எண் வரும் என்று எதிர்பார்க்கவேண்டாம். தரநிலை இதை வேண்டுமென்றே தளர்வாக விட்டிருக்கிறது. எந்த வன்பொருள் என்று அடையாளம் தெரிகிற ஏதோ ஒரு சரம், அவ்வளவுதான். ராக் எண்ணும் செயலி எண்ணும் சேர்ந்த நீளமான பெயராகவும் இருக்கலாம், வெறும் ஒரு எண்ணாகவும் இருக்கலாம் என்று இரண்டுக்கும் உதாரணம் காட்டுகிறது. ஓடும்போதே செயல்முறையை வேறு கணினிக்கு நகர்த்தும் எம்பிஐ ஒன்று இருந்தால், அந்த நேரத்தில் எங்கே இருக்கிறதோ அந்தப் பெயரைத்தான் திருப்பவேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் லினக்ஸ் க்ளஸ்டர்களில் ஓப்பன் எம்பிஐயும் எம்பிச்சும் ஹோஸ்ட்நேமைத்தான் கொடுக்கின்றன. அது சில இடங்களில் சுருக்கமாக இருக்கும், சில இடங்களில் டொமைனோடு நீளமாக வரும். இங்கே பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியில் 2015-இல் வந்த சஹஸ்ரடி மாதிரியான க்ரே எக்ஸ்சி40 இயந்திரங்களில் என்ஐடி என்று தொடங்கி ஐந்து இலக்க எண்ணோடு முடியும் பெயர் வரும். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அதுவும் ஒரு கணினியின் பெயர்தான்.

இப்போது எல்லோரும் செய்கிற ஒன்று: ஒவ்வொரு ரேங்கும் தன் பெயரைத் தானே அச்சிடுவது. நான்கு ரேங்குக்குப் பரவாயில்லை. நூறைத் தாண்டினால் வரிகள் கலைந்து வரும், எது எதற்குப் பின் வரும் என்று உத்தரவாதம் கிடையாது, நடுவில் எல்லோரும் வந்துசேரும்வரை காக்கவைக்கும் பேரியர் போட்டாலும் கிடையாது, ஏனென்றால் அச்சிட்டது திரைக்கு வந்துசேர்வது எம்பிஐயின் கையில் இல்லை. பெயர்களை எம்பிஐ கேதர் மூலம் ரேங்க் 0-க்குக் கொண்டுவாருங்கள். எல்லோரும் முழு அளவு அணியையே அனுப்பட்டும், முன்கூட்டி அதைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடுங்கள். வாங்கும் அணி ரேங்க் 0-இல் மட்டும் இருந்தால் போதும், மொத்த ரேங்க் பெருக்கல் மாறிலி அளவு. 16 ரேங்குக்கு 256 வீதம் 4096 பைட்டு. பத்தாயிரம் ரேங்க் ஆனாலும் இரண்டரை மெகாபைட்டுதான், அதற்காக நீளம் வேறுபடும் கேதர்-வி எல்லாம் போட்டு மெனக்கெடவேண்டாம். வந்த பெயர்களை வரிசைப்படுத்தி, "நோட்1: 0, 1, 2, 3" என்று கணினிவாரியாக அச்சிட்டால் ஒரே பார்வையில் புரியும். பைத்தானில் எம்பிஐ4பை வைத்திருந்தால் இது இரண்டு வரி வேலை, சின்ன எழுத்தில் தொடங்கும் கேதர் சரத்தை அப்படியே வாங்கிப் பட்டியலாகக் கொடுத்துவிடும். ஆர் மொழியில் பேரலல் தொகுப்பு வைத்திருப்பவர்கள் க்ளஸ்டர்கால் உள்ளே சிஸ்.இன்ஃபோவிலிருந்து நோட்நேமைக் கேட்கலாம், ஜூலியாவில் ரிமோட்கால் ஃபெட்ச் வைத்து ஒவ்வொரு வொர்க்கரிடமும் கெட்ஹோஸ்ட்நேம் கேட்கலாம்.

இதுவரை உங்கள் முதல் கேள்விக்கான பதில். ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இனிமேல்தான் வருகிறது. கணினியின் பெயர் மனிதன் படிப்பதற்கு. நிரல் அதை வைத்து முடிவெடுக்கக்கூடாது. நிரலுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் வேறு கேள்வி: என்னோடு இதே கணினியில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் நான் எத்தனையாவது. மாரத்தஹள்ளியில் பிஜியில் போய்ச் சேர்கிறவருக்கு அறைக் கதவில் என்ன எண் எழுதியிருக்கிறது என்பது அம்மாவிடம் போனில் சொல்ல மட்டும்தான் உதவும்; உள்ளே எத்தனை பேர், எந்தக் கட்டில் நமக்கு என்பதுதான் தினசரி வாழ்க்கை. எம்பிஐயிலும் அப்படியே.

முன்பு இதற்கு ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், ஹோஸ்ட்நேமை ஹாஷ் செய்து ஒரு எண்ணாக்கி, அதை நிறம் என்று கொடுத்து எம்பிஐ காம் ஸ்ப்ளிட் போடுவார்கள், ஒரே நிறம் கொடுத்தவர்களை அது ஒரு குழுவாகப் பிரிக்கும். இன்றும் பல பழைய நிரல்களில் இது இருக்கிறது. இரண்டு வேறு பெயர்கள் ஒரே எண்ணாக ஹாஷ் ஆனால் இரண்டு கணினிகள் ஒன்று என்று நிரல் நம்பிவிடும். எப்போதோ ஒருமுறைதான் நடக்கும், அதனாலேயே கண்டுபிடிக்க முடியாமல் ஆளைக் கொல்லும். 2012-இல் வந்த எம்பிஐ 3.0 இதற்கு ஒழுங்கான வழி கொடுத்தது. எம்பிஐ காம் ஸ்ப்ளிட் டைப் என்ற செயற்கூறுக்கு எம்பிஐ காம் டைப் ஷேர்ட் என்று கொடுத்தால், நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள முடிந்தவர்களை ஒரு குழுவாகப் பிரித்துத் தரும். நடைமுறையில் அது ஒரே கணினியில் இருப்பவர்களின் குழு. அந்தக் குழுவில் உங்கள் ரேங்க்தான் உள்ளூர் ரேங்க், குழுவின் அளவுதான் இந்தக் கணினியில் எத்தனை பேர் என்பது. சாவி என்ற இடத்தில் உலக ரேங்கைக் கொடுங்கள், வரிசை மாறாமல் இருக்கும். பெயரை எங்கேயும் ஒப்பிடவேண்டியதே இல்லை.

கணினிக்கும் ஒரு எண் வேண்டுமென்றால் இன்னொரு படி. உள்ளூர் ரேங்க் 0 ஆக இருப்பவர்களை மட்டும் வைத்து இன்னொரு குழு பிரியுங்கள், மற்றவர்கள் எம்பிஐ அன்டிஃபைன்ட் என்று நிறம் கொடுக்கட்டும். அந்தத் தலைவர்கள் குழுவில் ஒருவருடைய ரேங்க்தான் அவருடைய கணினியின் எண், குழுவின் அளவுதான் மொத்தக் கணினிகளின் எண்ணிக்கை. தலைவர் அதை உள்ளூர் குழுவுக்குள் ப்ராட்காஸ்ட் செய்துவிட்டால் முடிந்தது. இந்த இரண்டு குழுக்களும் கைவசம் இருந்தால் பெரிய பெரிய காரியங்கள் சுலபமாகின்றன. ஒரு 2 ஜிபி அட்டவணையை 16 ரேங்கும் தனித்தனியாக நினைவகத்தில் ஏற்றினால் ஒரு கணினியில் 32 ஜிபி போய்விடும். உள்ளூர் குழுவின் மேல் எம்பிஐ வின் அலொகேட் ஷேர்ட் போட்டு ஒரே பிரதியை எல்லோரும் படிக்கலாம். கோப்பை ஒவ்வொரு ரேங்கும் போய்ப் படித்து கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வரைத் திணறடிப்பதற்குப் பதில் தலைவர்கள் மட்டும் படிக்கலாம்.

ஜிபியு வைத்திருப்பவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை, கட்டாயம். வழக்கமாக எழுதுவது என்ன? உலக ரேங்கை ஜிபியு எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுத்து, அந்த எண்ணுள்ள ஜிபியுவைப் பிடித்துக்கொள் என்று. இரண்டு கணினி, தலா நான்கு ஜிபியு, எட்டு ரேங்க் என்று வையுங்கள். 0 முதல் 3 வரை முதல் கணினி, 4 முதல் 7 வரை இரண்டாவது என்று அடுக்கினால் எல்லாம் சரியாக இருக்கும். அதே நிரலைக் கணினிக்கு ஒன்றாகச் சுற்றி அடுக்குங்கள். முதல் கணினியில் 0, 2, 4, 6 இருக்கும். நான்கால் வகுத்த மீதி 0, 2, 0, 2. இரண்டாவதில் 1, 3, 5, 7. மீதி 1, 3, 1, 3. ஒவ்வொரு கணினியிலும் இரண்டு ஜிபியுவில் இரண்டிரண்டு பேர் மோதிக்கொள்ள, மற்ற இரண்டும் வேலையே இல்லாமல் இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடையும் சரியாகவே வரும், நேரம் மட்டும் இரட்டிப்பாகும். உள்ளூர் ரேங்கை வைத்து எடுத்தால் அடுக்கு எப்படி மாறினாலும் கவலையில்லை.

எம்பிஐ தொடங்குவதற்கு முன்பே ஜிபியுவைத் தேர்ந்தெடுக்கவேண்டிய நிலை சில நிரல்களில் வரும். அப்போது குழு பிரிக்க முடியாது, சூழல் மாறிகளைப் பார்க்கவேண்டும். ஓப்பன் எம்பிஐயில் ஓஎம்பிஐ காம் வேர்ல்ட் லோக்கல் ரேங்க், எம்பிச், இன்டெல் எம்பிஐ இரண்டிலும் எம்பிஐ லோக்கல்ரேங்க்ஐடி, ஸ்லர்மின் எஸ்ரன்னில் ஓட்டினால் ஸ்லர்ம் லோக்கல்ஐடி. பைடார்ச்சை டார்ச்ரன் வழியாக ஓட்டுகிறவர்கள் பார்க்கும் லோக்கல் ரேங்க் என்ற மாறியும் இதே கருத்துதான்.

ஸ்லர்ம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் பெங்களூரிலேயே இருப்பதால் பின்னால் பரம் ப்ரவேகா மாதிரியான இயந்திரத்தில் ஓட்ட வாய்ப்பு கிடைக்கலாம். ஐஐஎஸ்சியில் 2022-இல் நிறுவிய 3.3 பெட்டாஃப்ளாப் இயந்திரம், தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் வந்தது. அந்த மாதிரி இடங்களில் ஹோஸ்ட்ஃபைலை நீங்கள் எழுதமாட்டீர்கள், எந்தக் கணினிகள் கிடைக்கும் என்பதை வரிசை மேலாளர்தான் முடிவுசெய்யும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு வேறு. ஸ்லர்ம் இருக்கும் க்ளஸ்டரில் ஸ்லர்ம் ஜாப் நோட்லிஸ்ட் என்ற மாறியில் பெயர்கள் சதுர அடைப்புக்குள் சுருக்கமாக இருக்கும். அதை நீங்களே பிரித்துப் படிக்க நிரல் எழுதாதீர்கள், எஸ்கண்ட்ரோல் ஷோ ஹோஸ்ட்நேம்ஸ் என்றால் ஒவ்வொரு வரியில் ஒன்றாக விரித்துக் கொடுக்கும். டிஸ்ட்ரிப்யூஷன் என்ற தேர்வில் பிளாக், சைக்ளிக் என்று அடுக்கும் முறையை மாற்றலாம். ஆய்வகத்தில் நான்கு கணினியில் பழகும்போதே பெயரை நம்பாமல் எழுதிப் பழகிவிட்டால், அங்கே போனபிறகு ஒரு வரிகூட மாற்றவேண்டியிருக்காது.

நிரலைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் கண்டெய்னர் உள்ளே ஓட்டினால் பெயர் இன்னும் ஏமாற்றும். டாக்கர் சாதாரணமாக ஒவ்வொரு கண்டெய்னருக்கும் அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளையே ஹோஸ்ட்நேமாக வைக்கும். ஒரே கணினியில் நான்கு கண்டெய்னர் என்றால் நான்கு வேறு பெயர், கணினி ஒன்றுதான். பல கணினிகளில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில், கண்டெய்னர்களின் தொகுதியான பாட்டின் பெயர்தான் ஹோஸ்ட்நேம். உண்மையான நோட்டின் பெயர் வேண்டுமென்றால் டவுன்வர்ட் ஏபிஐ மூலம் ஸ்பெக் நோட்நேம் என்ற புலத்தைச் சூழல் மாறியாக உள்ளே அனுப்பச் சொல்லவேண்டும். பெயர் எதுவும் வேண்டாம், இருவரும் ஒரே கர்னலின் மேல் ஓடுகிறோமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் ஒரு அருமையான வழி இருக்கிறது: ப்ராக் அடைவில் சிஸ், கர்னல், ரேண்டம் என்று உள்ளே போனால் பூட் ஐடி (நடுவே அடிக்கோடு) என்று ஒரு கோப்பு இருக்கும். கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாக உருவாகும் எண் அது, அந்தக் கணினியிலுள்ள சாதாரண டாக்கர் கண்டெய்னர்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே தெரியும். ஜிபியுக்கள் பேசிக்கொள்ள உதவும் என்விடியாவின் என்சிசிஎல் நூலகமே யார் யார் ஒரே கணினியில் என்று தீர்மானிக்க ஹோஸ்ட்நேமோடு இதையும் சேர்த்துத்தான் ஹாஷ் செய்கிறது. வட்டை நகலெடுத்த ஆய்வகக் கணினிகளையும் இது சரியாகப் பிரித்துக் காட்டிவிடும், கணினியின் நிலையான அடையாளம் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பு நகலோடு சேர்ந்து வந்துவிடும் என்பதால் அதை நம்ப முடியாது.

கணினி தெரிந்தது, அதற்குள் எந்த கோர்? உங்கள் மெதுவான ரேங்குக்கு இது காரணமாக இருக்கலாம். ஸ்கெட் கெட்சிபியு என்ற செயற்கூறு இந்தக் கணத்தில் எந்த கோரில் ஓடுகிறோம் என்று சொல்லும், ஆனால் குறிப்பிட்ட கோரோடு கட்டிவைக்காத செயல்முறை அடுத்த கணமே வேறு கோருக்குப் போய்விடலாம். அதைவிட உபயோகமானது எந்தெந்த கோரில் ஓட அனுமதி என்பது; ப்ராக் அடைவில் செல்ஃப், ஸ்டேட்டஸ் கோப்பில் சிபியுஸ் அலவ்ட் லிஸ்ட் என்ற வரியில் இருக்கிறது. ஓப்பன் எம்பிஐக்கு ரிப்போர்ட்-பைண்டிங்ஸ் என்ற தேர்வைக் கொடுத்தால் தானே படம்போட்டுக் காட்டும், இன்டெல் எம்பிஐயில் ஐ எம்பிஐ டீபக் மாறியை 5 என்று வைத்தால் போதும். இங்கே பலரும் விழும் ஒரு குழி: ஓப்பன் எம்பிஐ இரண்டு ரேங்க் அல்லது அதற்குக் குறைவாக ஓட்டினால் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு கோரில் கட்டிவிடும். நீங்கள் ரேங்குக்கு எட்டு ஓப்பன்எம்பி த்ரெட் (ஒரு ரேங்குக்குள் இணையாக ஓடும் இழைகள்) என்று வைத்திருந்தால் எட்டும் அந்த ஒரு கோரில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். பைண்ட்-டு தேர்வுக்கு நன் என்று கொடுங்கள், அல்லது மேப்-பை தேர்வில் பிஇ சமம் 8 என்று ஒரு ரேங்குக்கு எட்டு கோர் கேளுங்கள்.

கடைசியாக அந்த மெதுவான ரேங்க். மொத்த நேரத்தை மட்டும் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் எல்லோருடைய விடைகளையும் சேர்க்கும் ஒவ்வொரு ஆல்ரெட்யூஸிலும் எல்லோரும் மெதுவானவருக்காகக் காத்திருக்கிறார்கள், முடிவில் எல்லோருடைய நேரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கணக்கு போடும் பகுதியின் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் தனித்தனியாக எம்பிஐ டபிள்யூடைம் வைத்து அளந்து பாருங்கள். யாருடைய காத்திருப்பு மிகக் குறைவோ அவர்தான் மற்றவர்களைக் காக்கவைக்கிறவர். கவனமாக இருங்கள், கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்கும் என்று எம்பிஐ உத்தரவாதம் தருவதில்லை, அதனால் ஒரு கணினியின் நேரத்தை இன்னொன்றின் நேரத்திலிருந்து கழிக்காதீர்கள், அந்தந்த ரேங்குக்குள் கழித்த கால அளவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். அந்த இரண்டு எண்களையும் பெயரோடு சேர்த்துக் கேதர் செய்து ஒரே அட்டவணையாக அச்சிடுங்கள்.

அட்டவணையில் ஒரே கணினியின் நான்கு ரேங்கும் மெதுவாக இருந்தால் சந்தேகம் கணினி மேல். ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால் சந்தேகம் வேலைப் பங்கீட்டின் மேல். ஆனால் சந்தேகத்தோடு நிறுத்தாதீர்கள், ஹோஸ்ட்ஃபைலில் வரிசையைத் தலைகீழாக மாற்றி மறுபடி ஓட்டுங்கள். மெதுவானது அதே ரேங்க் எண்ணோடு புதுக் கணினிக்கு வந்தால் உங்கள் நிரலில் அந்த ரேங்குக்கு வேலை அதிகம் போகிறது. அதே கணினியில் தங்கிவிட்டு வேறு ரேங்க் எண்ணைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கணினியைத் திறந்து பார்க்கவேண்டிய நேரம். டாப் போட்டு வேறு யாராவது ஏதாவது ஓட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள், ஆய்வகத்தில் பாதி நேரம் அதுதான். அடுத்து சிபியு வேகம், வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் பவர்சேவில் இருக்கிறதா, தூசி அடைத்து வெப்பத்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா. ஈத்டூல் வைத்து இணைப்பு 1000 என்று காட்டுகிறதா அல்லது கெட்டுப்போன கேபிளால் 100-க்கு இறங்கியிருக்கிறதா. அதுவும் இல்லையென்றால் மெமரி குச்சிகளை எண்ணுங்கள். மற்ற மூன்றிலும் 8 ஜிபி இரண்டு குச்சியாகவும் இதில் மட்டும் 16 ஜிபி ஒரே குச்சியாகவும் இருந்தால், மொத்தம் ஒன்றுதான், ஆனால் ஒற்றைச் சேனலில் நினைவக அலைவரிசை பாதியாகிவிடும், அணிகளை வரிசையாகப் படிக்கும் உங்கள் மாதிரி நிரலை அது நேராகப் பாதிக்கும். டிமிடிகோட் கட்டளையில் மெமரி என்று கேட்டால் கணினியைப் பிரிக்காமலே எத்தனை குச்சி, எந்த இடத்தில் என்று சொல்லும், ரூட் அனுமதி மட்டும் வேண்டும், அதை ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.